ஜமீலாவின் பங்கு

டிசம்பர் 9, செவ்வாய்

பட்டினி கிடக்க வேண்டாம், இப்போது சாப்பிடுவதில் தினம் ஐநூறு கலோரி குறைத்தால் எடை மெல்ல இறங்கும் என்று நேற்று சேலத்தில் டயட்டீஷியன் அம்மா சொன்னார். "இப்ப எவ்வளவுங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிக்காஹ் ஆனதிலிருந்து நானும் ஜமீலாவும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம். யார் பங்கு எவ்வளவு என்று யார் பார்த்தது? ஒரு வாரம் தனித் தட்டில் அளந்து சாப்பிடச் சொல்லி அனுப்பினார்.

இன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தேன். ஜமீலா என் தட்டில் கப்பால் அளந்து சோறு போட்டுத் தால்ச்சா ஊற்றினாள். தன் தட்டில் ஒரே ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். அதிலும் பாதியை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளரைத் தூக்கியபோது வளையல் முழங்கைவரை இறங்கியது.

"ஏன் ஜமீலா, அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல தொண்டையில எறங்க மாட்டேங்குதுங்க."

"எத்தனை நாளா?"

"நொம்ப நாளாச்சுங்க. நோம்புக்கு முந்தியே. தட்டு காலியாயிரும், உங்களுக்குத் தெரியலை."

என் உடம்பில் ஏறியதெல்லாம் அவள் பங்கு. நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு மலையிறங்க வேண்டும். டாக்டர் என்ன சொல்வாரோ.

ராத்திரி அவள் இரண்டு தட்டு எடுத்து வந்தாள். ஒன்றை உள்ளே வைக்கச் சொன்னேன். நான் அவள் பக்கம் சோற்றைத் தள்ளினேன், அவள் சிரித்துக்கொண்டே என் பக்கம் தள்ளினாள். எங்கள் தட்டில் இன்றுதான் முதல் தடவையாகச் சோறு மிஞ்சியது.