ஒரு 'யை' போடாத கேள்வி

மே 20, திங்கள்

அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கடையில் இன்று ஒரு விபத்து. காரணம் நான்.

கண் பரிசோதிக்கும் அட்டை இருக்கிறதே, மேலே யானை அளவு எழுத்து, கீழே எறும்பு அளவு எழுத்து. அதன் கடைசி வரிமேல், அதே அச்செழுத்து மாதிரி நானே எழுதிய ஒரு வரியைப் போன வாரம் ஒட்டி வைத்தேன். இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசி வரி தெரிகிறவர்கள் கண்ணாடிக் கடைக்கு ஏன் வரப்போகிறார்கள்? இன்று ஒரு கழுகுக் கண்காரர் வந்துவிட்டார். அப்பா குச்சியை நகர்த்த நகர்த்த, எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறார். அப்பாவும் பழக்க தோஷத்தில் "ம், ம்" என்று தலையாட்டியிருக்கிறார். முடித்ததும் அவர் கேட்டாராம்: "நான் என்னங்க பொய் சொன்னேன்?"

நான் எழுதியிருந்த வரி: இதைப் படிப்பவர் பொய்யர்.

அப்பா அதைப் பிய்த்து எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து முழுசாகப் பார்த்தார். அப்புறம்தான் திட்டினார். எது முதலில், எது இரண்டாவது என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

மே 23, வியாழன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு. மொத்தத்தில் ஐம்பத்தெட்டு சதவீதம். கணக்கில் நாற்பத்தொன்று. அம்மா கணக்கு டீச்சர் என்பதை இங்கே எழுதாமலே விட்டிருக்கலாம்.

"கணக்கு டீச்சர் வீட்டுல நாப்பத்தொண்ணு" என்றாள், சுவரைப் பார்த்து.

அது பகா எண், யாராலும் வகுக்க முடியாது என்றேன். சிரித்துவிட்டால் தோற்றுவிடுவாள். அதனால் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினோம். ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஐம்பது போதும். உள்ளே நுழையத்தான் போதாது. முப்பதே இடம். பள்ளி மார்க், நேரில் வரையும் தேர்வு, நேர்காணல் மூன்றையும் கூட்டிப் பார்ப்பார்கள். தொண்ணூறு வாங்கியவர்கள் மாடியில் நின்று கை ஆட்டுகிறார்கள். நான் தரையிலிருந்து தாவ வேண்டும். ஒப்பந்தம் இதுதான்: ஒரே தடவை. கிடைக்காவிட்டால் வணிகவியல். அடுத்த வருஷம் மறுபடி என்ற பேச்சே கூடாது.

சரி என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

சோடாவும் விண்ணப்பித்திருக்கிறான். (பள்ளித் தோழன். கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம். உபயம்: அப்பா கடை.) இருவரும் கடைத்தெருவில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வரைகிறோம். முகத்தை வரைந்தால் முறைக்கிறார்கள். அதனால் நான் இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டேன். செருப்புகள் முறைப்பதில்லை.

ஜூன் 8, சனி

நாளை தேர்வு. இருந்த பென்சிலையெல்லாம் சீவிச் சீவிப் பாதியாக்கிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரிய கூடம், வரிசையாகப் பலகைகள், ஆளுக்கொரு தடித்த தாள். கரும்பலகையில் கேள்வி: "பேருந்து நிறுத்தத்தில் காலை வரைக." மூன்று மணி நேரம்.

எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. என்ன அருமையான கேள்வி! முகம் வேண்டாம், பேருந்து வேண்டாம், காலை வரைந்தால் போதும். யார் காலை? எல்லோர் காலையும். உட்காரும் பலகைக்கு அடியில் ஆரம்பித்தேன். ஜோடி மாறிய காலுறை. தரைக்கு எட்டாமல் ஆடுகிற சின்னக் கால்கள். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்க்க உயர்ந்த ஒரு குதிகால். செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதன் மேல் சாய்ந்த ஒரு பாதம். முழங்காலோடு எல்லாரையும் வெட்டிவிட்டேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

வெளியே வந்தால் சோடா நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"சூரியன் சொதப்பிடுச்சு. நீ எங்க வச்ச?"

"சூரியனா? அது எதுக்கு?"

"காலைன்னா சூரியன் வேணாமா?"

"கால்ல எதுக்குடா சூரியன்?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். அப்போதுதான் —

காலை. பொழுது விடிகிற காலை.

கேள்வியே என் காலை வாரிவிட்டது. "காலையை வரைக" என்று போட்டிருந்தால் என்ன? ஒரு 'யை' எழுத மை இல்லையா? கூடத்தில் அத்தனை பேருக்கும் விடிந்திருக்கிறது. எனக்கு மட்டும் விடியவில்லை.

ஜூன் 10, திங்கள்

இதில் பெரிய கொடுமை, யாரும் நம்பவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லை வைத்து விளையாடியதன் பலன். அம்மா, "அங்கயும் போய் உன் வேலையக் காட்டினியா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். இல்லம்மா, நிஜமாவே தெரியாதும்மா என்று எத்தனை விதமாகச் சொல்வது? உண்மையைச் சொல்லும்போது என் குரல் எப்படியிருக்கும் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது போல.

அப்பா மட்டும் கடைக்கு அழைத்துப்போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னார். மற்றதை மூடச் சொன்னார். விளக்கடித்துப் பார்த்தார்.

"பார்வையில ஒண்ணும் கோளாறு இல்ல. இது கண்ணாடி போட்டுச் சரி பண்ற விஷயம் இல்லம்மா."

எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் இருவரும் சிரித்தோம். எனக்கு நடுவில் அழுகையாக மாறிவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை! சோடாவையும்தான். வேறு யாரையோ கூப்பிடுவதற்குப் பதில் தவறாக என்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று அம்மா சந்தேகப்படுகிறாள்.

சோடாவின் யோசனை: "ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சுதான் வரைஞ்சேன்னு அடிச்சு விடு. உன் வாய்க்கு அது ஒரு கஷ்டமா?"

கஷ்டமே இல்லை. குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகையும் பார்த்துவிட்டேன்: "எல்லாரும் வானத்தில் காலையைத் தேடினார்கள், நான் தரையில் தேடினேன்." எப்படி? எனக்கே புல்லரித்தது.

ஜூன் 27, வியாழன்

மூன்று பேர். என் படம் மேசைமேல் விரிந்திருந்தது. நடுவில் இருந்தவர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல சிலேடை. யோசிச்சுத்தான் பண்ணினியாம்மா?"

வசனம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஓரத்தில் கொண்டையில் பென்சில் செருகிய ஒரு அம்மா, எங்கள் பேச்சைக் காதிலேயே வாங்காமல், அந்த உயர்ந்த குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலேடை என்று ஒப்புக்கொண்டால் இந்த அறையில் எல்லோரும் அந்த வார்த்தையைப் பற்றியே பேசிவிட்டு என்னை அனுப்பிவிடுவார்கள். என் கால்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் வரைந்த கால்கள்.

"இல்லைங்க. கால்னுதான் படிச்சேன். வெளிய வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

நடுவில் இருந்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. கொண்டைப் பென்சில் தலை நிமிர்ந்தார்.

"சரியாப் படிச்சிருந்தா என்ன வரைஞ்சிருப்ப?"

"சூரியன் போட்டிருப்பேன். எல்லாரையும் போல."

"நல்ல வேளை" என்றார்.

இதை வைத்து நான் எவ்வளவு விளையாடியிருக்கலாம்! வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் படத்தில் கழற்றிவிட்டிருந்த செருப்பின் மேல் விரலை வைத்து, இது யார் என்றார். எங்கம்மா என்றேன். வகுப்பில் நாள் முழுக்க நின்றுவிட்டுப் பேருந்துக்கும் நிற்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு செருப்பைக் கழற்றி விடுவாள். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள்.

"அப்ப இது சாயங்காலமா?"

"ஆமாங்க."

"அப்ப இது எப்படிப் பாத்தாலும் காலை இல்ல."

மூவரும் சிரித்துவிட்டார்கள். மற்ற கால்களைப் பற்றியும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அதன் பிறகு ஒரு நகைச்சுவைகூட நான் சொல்லவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

வெளியே காத்திருந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன், செருப்பு விஷயம் உட்பட. குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். "நிஜமாவே தெரியாமத்தான் வரைஞ்சியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். தலையாட்டினாள்.

ஜூலை 5, வெள்ளி

பட்டியல் இன்று ஒட்டுவதாக இருந்தது. பசை கிடைக்கவில்லையோ என்னவோ, நாளைக்காம்.

ஜூலை 15, திங்கள்

ஓவியக் கல்லூரியில் முதல் வீட்டுப் பாடம்: குடும்பத்தில் ஒருவரின் முகம், கரியில். "முகம்" என்பதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று வகுப்பிலேயே எழுந்து கேட்டேன். சோடா மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான்.

அம்மா உட்கார ஒப்புக்கொண்டாள். விடைத்தாள் திருத்த வேண்டும், சீக்கிரம் முடி என்று அலுத்துக்கொண்டே தலைவாரிப் பொட்டு வைத்து, நல்ல புடவைக்கு மாறி வந்தாள். மூக்கைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொன்னாள். அப்பா அந்தப் பக்கமாக மூன்று முறை தண்ணீர் குடிக்க வந்தார்.

"அசையாம இரும்மா" என்றேன்.

இருந்தாள். என் பேச்சைக் கேட்டு ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் இருந்தாள். இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.