சாயத்தண்ணி நிறத்தில் ஒரு கட்டில்

ஜூன் 11, புதன்

மழை. பதினொன்றாம் நாள், அல்லது பதினொன்றாம் யுகம். நோர்வூட் பக்கத்து மலைகளைக் காணவில்லை. கடவுள் ரப்பர் போட்டு அழித்துவிட்டார்.

காலையில் டிக்கோயா ஆஸ்பத்திரி. அக்கா பாக்கியத்தின் இடுப்பில் ஆணி வைத்து ஆறு நாள். கொழுந்துக் கூடையோடு மேட்டு மலையில் சறுக்கியவள். சர்க்கரை இருப்பதால் புண் ஆற நாளெடுக்குமாம். டொக்டர் சொன்னது:

1. 27ஆம் திகதி வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்.
2. இனி ஆயுசுக்கும் தரையில் படுக்கக் கூடாது.
3. முழங்கால் உயரத்தில் ஆடாத கட்டில் வேண்டும்.

எங்கள் காம்பராவில், தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில், இருப்பது இரண்டு பாய். ஓர் இரும்புக் கட்டிலும் இருந்தது. போன வருட மழையில் துருப்பிடித்து, ஒரு கால் மடக்கி, யானை போல மண்டியிட்டுச் செத்தது.

கொழும்பிலிருந்து தேவி போன் பண்ணினாள். அக்கா மகள். “கட்டில் இல்லன்னா அம்மாவ நான் இங்க கூட்டிக்கிட்டு வந்துர்றேன் மாமா. ஒங்கள நம்பி தரையில போட முடியாது.”

“கட்டிலா? அரியாசனமே செய்றேன் பாரு. ராணி எலிசபெத்து பாத்தா எந்திரிச்சு வந்து கேப்பா.”

“அவங்க செத்துட்டாங்க மாமா.”

“அதான் எந்திரிச்சு வருவான்னு சொல்றேன்.”

அவள் சிரிக்கவில்லை. மச்சான் செத்தபிறகு இருபத்திரண்டு வருடம் அக்காவும் நானும் ஒரே காம்பரா. கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை. அவள் இல்லாமல் ஆறு நாளாகச் சோறு ஆக்குகிறேன். ஆக்குவது சோறுதானா என்று சந்தேகம்.

ஜூன் 12, வியாழன்

தூறல். கடைக் கட்டில் பார்த்தேன். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, மேலே மரப்படம் ஒட்டியது. எங்கள் காம்பரா ஈரத்தில் மூன்று மாதத்தில் இட்லியாக உப்பிவிடும். முழு மரம்தான்.

சுமித் பாஸிடம் போனேன். பாஸ் என்றால் ஆசாரி; நோர்வூட்டில் தச்சுப் பட்டறை. தமிழ் பாதி, சிங்களம் பாதி, மீதி வெற்றிலை. அவர் முன்னிலையில் மர மாநாடு நடந்தது:

தேக்கு: பிள்ளைத் தேக்கு. பால்பல் இன்னும் விழவில்லை.
மஹோகனி: நல்ல சிவப்பு. ஈரப்பலகை, காய ஒரு மாதமாம்.
டர்பன்டைன்: தோட்டத்து மரம். இரும்பு. காயும்போது முறுக்கிக்கொண்டு பாஸையே அடிக்க வருமாம்.
சவுக்கு: தேயிலைக்கு நிழல் தரும் மரம், தாராளமாகக் கிடைக்கும். கைவசம் வைக்கிறோம்.
பலா: இரண்டு வருடம் காய்ந்த பலகை இருக்கிறது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், கல்யாண வீட்டுப் பத்திரிகை போல.

“அண்ணே, கொஸ் எடுங்க,” என்றார் பாஸ். கொஸ் என்றால் பலா. “சாயம் ஓனே நே, வேணாம். வருஷம் போனா தன்னால கறுக்கும்.”

எங்களுக்கு எத்தனை வருடம் போகும் பாஸ்? கேட்கவில்லை. பலகைத் துண்டில் ஆறு சாயம் பூசித் தரச் சொன்னேன். அக்காவே தேர்ந்தெடுக்கட்டும். அறுபத்தொரு வயதில் அவள் தேர்ந்தெடுத்த பொருள் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. பேர் வைத்தது அப்பா, கொழுந்து எடுக்க மலை பிரித்தது கங்காணி, புருஷனைப் பார்த்தது பெரியம்மா.

ஜூன் 14, சனி

மழை விட்டுவிட்டு. ஆறு குச்சியோடு வார்டுக்குள் பிரவேசம். கூடவே ஒரு துண்டு சவுக்கும்.

சவுக்கை அக்கா முகர்ந்தே கண்டுபிடித்தாள். “தூக்கி எறி. முப்பத்தெட்டு வருஷம் அது அடியில நின்னு கொழுந்து எடுத்தேன். இனி அது மேலயும் படுக்கணுமா? படுத்தா கனவுல பெரட்டுக்கு ஆள் கூப்புடும்.”

வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தப் பெரட்டுக் களம் எனக்கும் கேட்டது. சவுக்கு ரத்து.

பலாவில் பூசிய சாயங்களை வரிசையாகப் போர்வையில் வைத்தேன். அடுத்த கட்டிலில் நோட்டன் பிரிட்ஜ்காரி மேரியக்கா, கை முறிந்தவள். எழுந்தே வந்துவிட்டாள்.

“இது நல்லா இருக்கு பாக்கியம். கறுப்பா, தொரை பங்களா மாதிரி.”

“பொணப்பெட்டி மாதிரி இருக்கு.”

“அப்ப இந்தச் செவப்பு?”

“வெத்தல துப்புன மாதிரி இருக்கு.”

வால்நட் என்பது பலாவின் மஞ்சளோடு சேர்ந்து பாசி நிறம் காட்டியது. தேக்குக் கலர் சோளப்பொரி. வார்டே வாக்களித்தது. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் மிஸ்கூட ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அக்கா யாருக்கும் மசியவில்லை. ஐந்தாவது குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மஹோகனிச் சாயத்தைத் தண்ணியாய்க் கலக்கி ஒரே தடவை பூசியது.

“இதான். நல்ல சாயத்தண்ணி நெறம். கண்ணாடிக் கிளாஸ்ல ஊத்துனது.”

பால் ஊற்றாத தேநீரை அப்படித்தான் சொல்வோம். “சீனி போட்டதா, போடாததா?” என்றேன்.

“ஒன்னய மாதிரி. சீனி போட்டும் கசக்குறது.”

எல்லாரும் சிரித்தார்கள். திரும்பும்போது மேரியக்கா வாசல் வரை வந்து, “ஒங்க அக்கா ராத்திரில அழுவுது தம்பி. கொழும்புக்குப் போனா திரும்ப மாட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவுது” என்றாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

மழை. பனி. மழைக்குள் பனி. கட்டில் சட்டங்கள், தலைமாட்டுப் பலகை எல்லாம் இழைத்தாயிற்று. சாயமும் மேலே பொலிஷும் இன்று பாஸ் பூசினார். மாட்டுவது செவ்வாய்க்கிழமை.

ஜூன் 21, சனி

காயவில்லை. தொட்டால் விரல்ரேகை விழுகிறது, அடையாள அட்டை எடுக்க உதவும். இன்னும் மோசம், பலகை முழுக்கப் பால் ஏடு படிந்தாற்போல் வெள்ளை பூத்திருக்கிறது. பனி பொலிஷுக்குள் இறங்கிவிட்டதாம். பாஸ் துடைத்துவிட்டு மறுபடி பூசினார்.

“ரெண்டு நாள் வெயில் ஓனே, வேணும் அண்ணே. இல்லாட்டி திரும்ப வெள்ளை வரும்.”

வெயில். அந்தப் பெயரில் ஒருவர் இந்தப் பக்கம் இருந்ததாக ஞாபகம்.

ஒரு சட்டத்தை எங்கள் அடுப்புக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். கரி ஒட்டிக்கொண்டது. பாஸ் சிங்களத்தில் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள். தேவி தினமும் கேட்கிறாள். தினமும் “ஜொலிக்குது” என்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எனக்கு வேலை தேயிலை ஃபெக்டரி மேல்மாடியில். பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து சுடுகாற்று விட்டு வாட்டுகிற இடம். இந்த மலைநாட்டில் இன்று காய்ந்த காற்று உள்ள ஒரே இடம். ஞாயிறு கொழுந்து வராது. தொட்டிகள் வெறுமை. சாவி என்னிடம்.

பாஸின் லொறி இந்த வழியாக வந்தது. பலகைகளை மேலே ஏற்றித் தொட்டி வலைமேல் வைத்து, விசிறியைப் போட்டேன். ஜன்னல் எல்லாம் திறந்தேன். மாலைக்குள் காய்ந்துவிட்டது. அந்த நிறத்தை என்ன சொல்ல. ஐந்தாவது குச்சி அப்படியே வளர்ந்து கட்டிலாகியிருந்தது. கையால் தடவினேன், கண்ணாடி.

இறக்கிவிட்டுத் தொட்டியைக் கழுவினேன். மூன்று தடவை முகர்ந்தேன். வாடை இல்லை. இல்லை என்றே எழுதுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

மழை.

தேயிலை எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதன் வாசனையைக் குடிக்கும். மாடிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான்தான் இதைச் சொல்லிக் கொடுப்பேன். பூண்டு சாப்பிட்டவனைப் படியிலேயே திருப்பியவன் நான். தலையில் மல்லிகையோடு வந்த பிள்ளையை அழவைத்தவன் நான். இருபத்தாறு வருடம்.

இன்று காலை ஃபெக்டரியைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா நேற்றைய தேயிலையை ஊற்றி வரிசையாகச் சுவைத்தார். முதல் கோப்பையில் நின்றார். இரண்டாவது. மூன்றாவது. துப்பினார். என்னைக் கூப்பிட்டார்.

“மருதண்ணே, குடிச்சுப் பாருங்க.”

குடித்தேன். எங்கள் கட்டில்.

“என்ன வாட இது? மெஷினுக்கு யாரும் பெயின்ட் அடிச்சானா? கீழ கூட்டுற பொம்பளைங்களக் கேக்கவா?”

“யாரையும் கேக்காதீங்க ஐயா. நாந்தான்.”

சொன்னேன். எல்லாம். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “நீங்களா அண்ணே?” என்று மட்டும் கேட்டார். பிறகு இன்னொரு தடவை அதையே கேட்டார்.

நேற்றைய தேயிலை முழுவதும் கழிவு. தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு, அட்டைக்கடியோடு, கொட்டுகிற மழையில் எடுத்த கொழுந்து. எடுத்தது அக்காவோடு நிற்கிற பெண்கள்.

தோட்டத்து மேனேஜர் துரை கடிதம் கொடுத்தார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது. மாடிச் சாவியை மேசையில் வைத்தேன்.

வீட்டில் சுமித் பாஸ் கட்டிலை மாட்டி முடித்திருந்தார். உட்கார்ந்து குதித்துக் காட்டினார். “பார் அண்ணே, நூறு வருஷம்!” ஆடவில்லை. அசையவில்லை. இமயமலைக்குக் கால் வைத்தது போல் நிற்கிறது. சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். என்னால் குடிக்க முடியவில்லை.

ஜூன் 25, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தேவிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 27, வெள்ளி

மழை இல்லை, வெயிலும் இல்லை. நான் போவதற்குள் தேவி வந்திருந்தாள், ஆஸ்பத்திரி வாசலில் வேன். கொழும்பு வேன்.

“கட்டில் ரெடி தேவி. வந்து ஒரு தடவ பாரு.”

“கட்டில நான் என்ன மாமா செய்றது? விசாரணையில வேல போயிட்டா? காம்பராவ விடச் சொன்னா? அம்மாவ எங்க வச்சிருப்பீங்க? கட்டிலோட ரோட்டுலயா?”



“சரி. ஒரே ஒரு நாள் அதுல படுத்துட்டு வரட்டும்.”

“அந்த லயத்துப் படி ஏறி எறங்குறதுக்கா? ஒங்களுக்கு எல்லாமே வெளையாட்டு மாமா.”

அக்கா சக்கர நாற்காலியில். “அவனத் திட்டாத,” என்றாள். “சின்னதுல இருந்து அவன் அப்புடித்தான். பெருசா சொல்லுவான், பெருசாவே ஒடைப்பான்.” பிறகு என்னைப் பார்த்தாள். “எதுக்குடா மாடிக்குக் கொண்டு போன? ஒனக்குத் தெரியாததா?”

“வெள்ளிக்கெழமைக்குள்ள காயணும்ல.”

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வேன்காரன் கதவைச் சாத்த வேண்டும் என்றான். தேவிதான் விரல் விரலாக எடுத்துவிட்டாள்.

டிக்கோயாவிலிருந்து நடந்தே வந்தேன். வழியில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 28, சனி

வெயில். இன்றைக்கு.

மத்தியானம் அக்கா போனில். தேவி வீட்டுக் கட்டில் உயரம் பத்தவில்லையாம், நாலு காலுக்கும் செங்கல் வைத்திருக்கிறார்களாம்.

“நம்ம கட்டில் நெறம் எப்புடி வந்திருக்கு?”

“நீ சொன்னதேதான்க்கா.”

“சும்மா சொல்லாத.”

“சத்தியமா. இதுல மட்டும் பொய் இல்ல.”

“நீ படுத்துக்க அதுல. தரையில கெடந்தா ஒனக்கு முதுகு புடிக்கும்.”

“சரிக்கா.”

படுக்கவில்லை. பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். இங்கிருந்து பார்த்தால் கட்டிலின் அடிப்பக்கம்தான் தெரிகிறது. அங்கே சாயம் பூசவில்லை. பலாவின் பச்சை மஞ்சள்.