செல்வி அக்காவின் இடுப்பு வலி

என் உசுரு செல்வி அக்கா,

விருத்தாசலத்தில் மழை பிடித்துக்கொண்டது. நீ இல்லாத முதல் மழை. மாமா காலையில் ஒரு குழம்பு வைக்கிறார், மூன்று வேளையும் அதையே சாப்பிடுகிறார்.

பீங்கான் கம்பெனியில் நீ படுக்கையில் விழுந்ததிலிருந்து உன் இடத்தில் நான்தான். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, தூக்கிப்போய் ரேக்கில் காயவைக்க வேண்டும். கீழ்த்தட்டு முழங்காலுக்கும் கீழே. உன் இடுப்பு போனது அங்கேதான்.

வலி மாத்திரையை வருஷக்கணக்காகப் போட்டாய். "டீ குடிக்கிற மாதிரிதான்டி" என்று சிரிப்பாய். கால் வீங்கியபோது, நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்று நினைத்தோம். கிட்னி இரண்டும் போய்விட்டது, மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே இடுப்பு வலிக்கு என்ன சார் போடுறது?"

அதே வலி எனக்கும் வந்தது அக்கா. நானும் அதே மாத்திரைதான். உன் காரியம் முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பாண்டிச்சேரியில் ஆஸ்டியோபதி பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். எலும்பையும் தசையையும் மூட்டையும் கையாலேயே தொட்டுப் பார்த்து இறுக்கத்தைத் தளர்த்துகிற வைத்தியம் அது.

"கால் மரத்துப்போகுதா? ஒண்ணுக்குப் போக சிரமமா இருக்கா? அப்படின்னா நான் தொடமாட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்" என்றார். இல்லை என்றேன். என் பையைத் தரையில் வைத்து, வேலையில் தூக்குகிற மாதிரி தூக்கச் சொன்னார்.

"குனிஞ்சபடியே திரும்புறீங்களே, தினமும் இப்படியா?"

பிறகு இடுப்பிலும் விலாவிலும் மெதுவாக அழுத்தினார். அந்த இடத்தை ஒருவர் அவசரமில்லாமல் தொட்டது அதுதான் முதல் தடவை. உன்னை யாராவது அப்படித் தொட்டுப் பார்த்தார்களா?

மாத்திரையை நிறுத்தி ரத்தம் சோதிக்கச் சொன்னார். என் கிட்னி இன்னும் கெடவில்லையாம். சந்தோஷப்பட முடியவில்லை அக்கா.

சில தடவை போனதில் வலி பாதி குறைந்தது. மீதியை டாக்டரம்மா மறைக்கவில்லை. "நான் இங்க சரி பண்றதை அந்தக் கீழ்த்தட்டு திரும்பக் கெடுத்துடும். ரேக்கை உசத்தச் சொல்லுங்க. பலகையில கொறைச்சு அடுக்குங்க. இடுப்பை மட்டும் திருப்பாதீங்க, காலை எடுத்து வச்சுத் திரும்புங்க."

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "உங்க அக்கா இத்தனை வருஷம் இதுலதானே வச்சாங்க? ஏதாவது சொன்னாங்களா?" என்றார்.

"சொல்லல சார். செத்துட்டா."

அவர் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நானும், என் பக்கத்தில் வேலை பார்க்கும் மும்தாஜும் ரேக்குக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினோம். காலையில் செங்கல் இல்லை. மறுபடி வைத்தோம். இன்று என்னைக் கூப்பிட்டு, "இதையே பண்றதா இருந்தா வேலைக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

நாளைக்குப் போகத்தான் போகிறேன். உள்ளே விடுவார்களா, தெரியவில்லை. விட்டால் முதல் வேலையாகச் செங்கல்லைத் தேடுவேன். விடாவிட்டால் மும்தாஜ் தேடுவாள். உன் மேல் சத்தியம் அக்கா.

உனக்குப் பின் பிறந்தவள்,
மலர்