இடது இன்ஜினின் சத்தம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் நலத்தை விசாரிக்கவில்லை. கேட்டால் ‘சூப்பரா இருக்கேன்ப்பா’ என்பாய்; இந்த முறை அதை நம்ப நான் தயாராக இல்லை. இங்கே உன் அம்மா சுகம். என் ரத்த அழுத்தம் என்னைப் போலவே இறங்கி வர மறுக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் கணவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். மகள் கல்யாணத்தையே ஃபோட்டோவில் பார்த்தவன் நான். இத்தனை வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர் திடீரென்று வீடியோ அனுப்பினால் சந்தேகம் வராதா? கூடவே ஒரு வரிகூட எழுதவில்லை. நீ ஓட்டும் அந்தச் சின்ன விமானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கக் காற்றில் நீ தரையிறக்குவதை உன் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார். பெருமை அடிக்கிறாரா, வம்புக்கு இழுக்கிறாரா என்று பிடிபடவில்லை. பதில் போடவில்லை.

ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ‘படம் ஓடுது, நீங்க கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே’ என்று உன் அம்மா கேலி செய்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு இன்ஜினும் ஒரே குரலில் பேசவில்லை. இடது இன்ஜின் உரக்கப் பேசியது. காற்றும் இடப்பக்கம்தான்.

இடது இறக்கையைக் காற்றுக்குள் சாய்த்திருக்கிறாய், சரி. மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைக்க வலது பெடலை மிதிக்க வேண்டும். நீ காலால் செய்ய வேண்டியதை இன்ஜினால் செய்கிறாய். இடது இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் மூக்கு வலப்பக்கம் திரும்பும் என்பது எனக்கும் தெரியும். சரக்கு விமானம் ஓட்டிய காலத்தில், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நானாகக் கண்டுபிடித்து, நானாகவே கைவிட்ட வித்தை அது. சக்கரம் தரையைத் தொடும்போது இன்ஜினைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்ததும் மூக்கு காற்றுப் பக்கம் வெட்டிக்கொண்டு போகும். வீடியோவின் கடைசியில் உன் விமானமும் வெட்டியது. யாரோ ஒரு பயணி ‘ஐயோ’ என்றது கேட்டது.

முதலில் உன் பயிற்சியாளரைச் சந்தேகப்பட்டேன். பிறகு பெடலை. பிறகு உன் காலை. அடிபட்டதை மறைக்கிறாயோ என்று, நீ முன்பு அம்மாவுக்கு அனுப்பிய வீடியோக்களையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றில் உன் தோள், பக்கத்து ஜன்னலின் சட்டத்துக்கு முன்னால் இருக்கிறது. இதில் பின்னால். சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறாய். பெடலை முழுக்க மிதிக்கக் கால் எட்டவில்லை.

‘எந்த மடையன் சீட்டைப் பின்னால தள்ளிக்கிட்டு ஓட்டுவான்?’ என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். ‘மடையன் தள்ள மாட்டான். வயிறு இடிச்சா பொம்பளை தள்ளுவா’ என்றாள். பிறகு ‘எத்தனை மாசமாம்?’ என்று என்னிடமே கேட்டாள், எல்லாம் தெரிந்து நான் மறைப்பதைப் போல.

அடுத்த மாதம் உனக்குக் கேப்டன் தேர்வு. அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று உன் கணவரிடம் சத்தியம் வாங்கியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா, அது என் பிடிவாதம்தானே! அவர் சொல்லிப் பார்த்திருப்பார், நீ கேட்டிருக்க மாட்டாய். அவர் சத்தியத்தையும் மீறவில்லை, சும்மாவும் இருக்கவில்லை; நானே கண்டுபிடிக்கட்டும் என்று வீடியோவை அனுப்பிவிட்டார். அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்ததில் ஒன்று தவறு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாததை நான் மறக்கப் போவதில்லை.

ஒன்று செய். சீட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, கண்ட்ரோல் பிடியை வயிற்றில் இடிக்காமல் முழுக்க நெஞ்சுவரை இழுத்துப் பார். முடிந்தால், கிழட்டுச் சந்தேகப் பிராணி என்று என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். முடியாவிட்டால் இறங்கிவிடு அம்மா. தேர்வை மறுபடி வைப்பார்கள். வைக்கவில்லை என்றால் நான் நேரில் வந்து கேட்கிறேன். நான் கேட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடமாடுகிறாள். அவளிடம் பேசு.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா