வனஜாவின் சம்மதம்

முத்துமாலை நகர், சேக்காடு, ஆவடி.
அக்டோபர் 4

அன்புள்ள வனஜாவுக்கு,

உலகநாதன் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். ஜபல்பூரில் நீயும் லாவண்யாவும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு யார் மூக்கு என்று நீ இன்னும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் தங்களுடையது என்று எடுத்துக்கொள்வதற்குள் பார்த்துச் சொல்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனில் பேசலாமே என்பாய். லாவண்யாவின் போனில் நீ பேசும்போது சம்பந்தியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து இருமுகிறார்கள். ஸ்பீக்கரில் வேறு போட்டுவிடுகிறீர்கள். மனதில் இருப்பதை அப்படிச் சொல்ல எனக்கு வராது. முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுதியே பழகியவன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று உன் போனை இங்கேயே விட்டுவிட்டுப் போனாயே, அதுதான் பெரிய தொந்தரவு. ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் கத்துகிறது. என் போன் சட்டைப் பையில் செத்துக் கிடக்கிறது. பதினோரு வருடமாக இந்த நகர் நலச் சங்கத்தின் தலைவர் நான். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குப்பை வண்டி வரவில்லை என்றாலும் உன் நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். நான் எடுத்து, தலைவர் பேசுகிறேன் என்றால், 'ஐயோ சார், அக்கா இல்லையா? சரி, அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் லாரி ஓட்டும் அப்பாவு நேற்று நம் கேட்டில் நின்று, 'இன்னா சார், அக்கா எப்ப வர்றாங்கோ? தெருவே டல்லா கீது' என்றான். அந்தத் தெருவில்தான் நானும் இருக்கிறேன்.

இன்னொன்று கேள். சங்கத்துச் சுற்றறிக்கை நோட்டில் எழுதுவது நான், அதை வீடு வீடாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வருவது நீ என்று இத்தனை வருடம் ஓடியது. நீ இல்லாததால் இந்த முறை நானே எடுத்துக்கொண்டு போனேன். மழைநீர் வடிகால் தோண்டும் வேலை நம் தெருவுக்கு வந்துவிட்டது. அதனால், 'கேட்டுக்கு முன்னால் வண்டி ஏறுவதற்காகத் தெருவுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் சிமெண்ட் சறுக்குகளை ஏழு நாட்களுக்குள் உடைத்து அகற்ற வேண்டும். தவறினால் பெயருடன் புகார் அனுப்பப்படும்' என்று எழுதியிருந்தேன். ஒரு பிழை கிடையாது.

கோடி வீட்டு கிருஷ்ணப்பிரியா, கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற பெண், வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். 'நோட்டுல எப்பவும் இப்படித்தான் இருக்குமா சார்? அக்கா வந்து விஷயத்தை வாயால சொல்லிடுவாங்க. அவர் எழுதினதைப் பெரிசா எடுத்துக்காதீங்கன்னு சொல்லுவாங்க. நாங்க கையெழுத்துப் போட்டுடுவோம்' என்றாள்.

நிஜமா வனஜா? பதினோரு வருடமாக நான் எழுதிய ஒரு வரியைக்கூட இந்த நகரில் யாரும் படித்ததில்லையா? உன்மேல் எனக்குக் கோபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இல்லை, வயிற்றெரிச்சல். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து வயிறு எரிகிறவன் உண்டா என்று சிரிக்காதே.

ஒருவன் மட்டும் முழுவதும் படித்தான். முப்பத்தொன்றாம் எண் ஜெகதீஷ். படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, 'ஒடைக்க முடியாது, இன்னா பண்ணுவியோ பண்ணிக்கோ' என்றான். என்னை, ஒருமையில்.

குழந்தைக்கு நாற்பது நாள் ஆனதும் டிக்கெட் போடச் சொல். எனக்கு ரசம் வைக்கத் தெரியும், மற்றதெல்லாம் தெரியாது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உலகநாதன்


அக்டோபர் 28

அன்புள்ள வனஜாவுக்கு,

லாவண்யா அனுப்பிய படம் பார்த்தேன். மூக்கு நம் பக்கம்தான்.

நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். சென்ற கடிதத்தில் ஏதோ வேகத்தில் எழுதிவிட்டேன். குழந்தைக்குத் தலை நிற்கட்டும். அங்கே குளிர் ஆரம்பிக்கும்போது பச்சை உடம்புக்காரியைத் தனியே விட்டு வருவது சரியில்லை. தை பிறந்து வந்தால் போதும். நான் சமாளித்துக்கொள்கிறேன்.

வடிகால் வேலை நின்றுபோயிருக்கிறது. முப்பத்தொன்றாம் எண் வரைக்கும் தோண்டினார்கள். ஜெகதீஷ் சறுக்கை உடைக்க விடவில்லை. வேலையாட்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு இயந்திரத்தோடு பருத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு நடந்தது. பூங்காவில் ஷாமியானா போட்டு, கேசரி, டீ எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். மறுபடியும் என்னைத்தான் தலைவர் ஆக்கியிருக்கிறார்கள். செயலாளர் தமிழ்வாணன் பொன்னாடை போர்த்தினார். பேச்சோடு பேச்சாக யாரோ உன் பெயரையும் தலைவர் பதவிக்குச் சொன்னார்கள். விளையாட்டுக்குத்தான். நீ அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

உன் போனை அணைத்து வைத்திருக்கிறேன். பாட்டரி வீணாகிறது.

குழந்தைக்கு முத்தம்.

உலகநாதன்


நவம்பர் 14

அன்புள்ள வனஜாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்து படி. லாவண்யாவிடம்கூடக் காட்டாதே.

சென்ற கடிதத்தில் நான் எழுதியது பொய். உன் பெயரைச் சொன்னது யாரோ இல்லை, கிருஷ்ணப்பிரியா. விளையாட்டுக்கும் இல்லை. பொதுக்குழுவுக்குப் பத்து நாள் முன்னாலேயே அவள் நம் வீட்டுக்கு வந்து, ஒரு சம்மதக் கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தாள். தலைவர் பொறுப்பை ஏற்கச் சம்மதம் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். 'அக்கா அட்ரஸ் உங்ககிட்டதானே இருக்கு சார், நீங்களே அனுப்பி வாங்கிடுங்க' என்றாள். என் முகத்தைப் பார்த்து, 'நீங்க கௌரவத் தலைவரா இருங்க சார்' என்றும் சொன்னாள். பாவம், ஆறுதலுக்குச் சொன்னாள். எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

அந்தத் தாளை நான் உனக்கு அனுப்பவில்லை. பீரோவில் என் பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பொதுக்குழுவில் உன் பெயரைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார்கள். முன் வரிசையிலிருந்து கடைசி நாற்காலி வரைக்கும் கை எழும்பியது. என்னிடம் முறைத்த ஜெகதீஷும் தூக்கினான். வந்திருந்தவர்களில் தூக்காத கை என்னுடையது ஒன்றுதான். நீ அங்கே இல்லவும் இல்லை, ஒரு நாளும் அந்தக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் இல்லை. டீ கொடுத்துவிட்டுப் போகிறவள். பதினோரு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கை எழும்பி நான் பார்த்ததில்லை. வேறு யாரும் நிற்காததால் நான் இருந்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன். 'வனஜாவிடம் கேட்டேன், அவளுக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்' என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அப்புறம் பின்னாலிருந்து ஒருவர், 'அப்ப சாரே இருக்கட்டும்' என்றார். வேறு பஸ் வராது என்று தெரிந்து நெரிசலில் ஏறுகிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ, எல்லார் முகமும் அப்படி இருந்தது. அதற்கப்புறம்தான் பொன்னாடை.

இந்தத் திங்கட்கிழமை பெரிய மழை. பாதியில் நின்ற வடிகால் முப்பத்தொன்றாம் எண்ணுக்கு முன்னால் நிரம்பி, முழங்கால் தண்ணீர். நான்கு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு நான் கேட்டில் நின்று பார்க்கிறேன், ஜெகதீஷ் தன் தம்பி தேவாவை முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து போகிறான். தேவாவின் மூன்று சக்கர ஸ்கூட்டர் வாசலில் பாதி முங்கி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயில் விபத்தில் அந்தப் பையனுக்குக் கால் போனது எனக்குத் தெரியும். அந்த ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறான் என்றும் தெரியும். தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சறுக்கு அவனுக்காகக் கட்டியது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு அது ஆக்கிரமிப்பு.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெகதீஷ் உட்காரச் சொன்னான். 'அக்கா ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிச்சு சார். காவா மூடுனப்புறம் எடுத்து எடுத்து வைக்கிற மாரி இரும்புத் தகடு போட்டுக்கலாம், வேலை செய்யறவங்ககிட்ட நான் பேசறேன்னு சொல்லிச்சு. நாங்களும் சரின்ட்டோம். நீங்க நோட்டு எட்துகினு வந்து பேர் போடுவேன்னு மெரட்டுனா எப்டி சார்?' என்று கேட்டான்.  இதை நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று முதலில் உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன். நீ சொல்லியிருப்பாய். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டியிருப்பேன்.

நானே தகடு போட்டுத் தருகிறேன் என்றதற்கு, 'அக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும் சார், அன்னிக்கே ஒடைச்சுக்கறோம்' என்கிறான். என் வார்த்தை போதவில்லை. போதாதுதான்.

நேற்று கிருஷ்ணப்பிரியாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் வீட்டிலும் தண்ணீர் புகுந்து, நனைந்த மெத்தையை மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்க்காமலேயே, 'அந்த லெட்டரை இன்னிக்கே அனுப்பிடுங்க சார்' என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

என் ராஜினாமாவை எழுதித் தமிழ்வாணனிடம் கொடுத்துவிட்டேன். நிர்வாகிகள் பட்டியலைப் பதிவு அலுவலகத்துக்கு இந்த மாதக் கடைசியில்தான் அனுப்புகிறார்கள். அதற்குள் உன் கையெழுத்து வந்துவிட்டால் பெயரை மாற்றிக்கொள்ளலாமாம். சம்மதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி இட்டிருக்கிறேன். திருப்பி அனுப்ப உறையும் இருக்கிறது, விலாசம் எழுதியிருக்கிறேன். அணைத்து வைத்திருந்த உன் போனையும் மறுபடி ஆன் செய்துவிட்டேன். அதில் முப்பத்தெட்டு பேர் கூப்பிட்டிருந்தார்கள். லாவண்யாவின் நம்பரை எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். இனிமேல் சம்பந்தியம்மா இருமட்டும்.

லாவண்யாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. குழந்தை எந்தக் குறையும் இல்லாமல், உன் குணத்தோடு வளரட்டும். முதலில் மூக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது இதைக் கேட்கிறேன்.

நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. இந்தத் தாளை மடித்து உறையில் வைக்கும்போதுகூட, ஜெகதீஷ் தூக்கிய கைதான் கண்ணில் நிற்கிறது. அது ஏன் எனக்கு எழும்பவில்லை என்றுதான் கேட்கிறது மனசு. நீ வேண்டாம் என்று எழுதிவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வெட்கம் இல்லாமல் சந்தோஷப்படுவேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் வனஜா, அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்துவிடாதே.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
உலகநாதன்