ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடாத மழை. பட்டறைக் கூரை ஒழுகி இரண்டு கட்டு அட்டை நாசம். ஓரமெல்லாம் ஊதிவிட்டது. மூடியிருந்த பிளாஸ்டிக்கை யாரோ உருவிக்கொண்டு போயிருக்கிறான். எதிர்க் கடைக்காரனாகத்தான் இருக்கும். கேட்டால், "மைனே நஹீ லியா, சாப்" என்று, தான் எடுக்கவே இல்லை என்பான். கேட்கவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நாளை காலை ஏழு மணிக்கு மாட்டுங்காவில் அந்தக் கூட்டம். வியாபாரிகள் வாராவாரம் கூடி, இட்லி தின்று, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கிறார்களாம். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், ஒரு கல்யாண போட்டோக்காரர். அட்டைப்பெட்டி செய்கிறவனுக்கான நாற்காலி இப்போது காலி. இருந்தவர் புனேவுக்குக் குடி போய்விட்டார்.

ஐம்பத்து நான்கு வயதில் போய் இளிக்க வேண்டும். வேறு வழியில்லை. தீபாவளிப் பெட்டிக்கு ஸ்வீட் கடைகள் ஆர்டர் கொடுக்கும் மாதம் இது. கூட்டத்தின் தலைவர் ஜயந்திபாய்க்கு நான்கு ஸ்வீட் கடை. உள்ளே நுழைந்தால் அந்த ஆர்டர் வர வாய்ப்பு. வராவிட்டால் அட்டை வெட்டும் பஞ்சிங் மெஷினை விற்றுவிட்டு, கல்யாணில் மைத்துனன் ரமணியின் குடோனில் சூப்பர்வைசர். மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்று மனைவி வசந்தாவிடம் நானே வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

ரமணி பத்தாவது தேறாதவன். நான் எம்.ஏ. என்பதை ஒவ்வொரு விசேஷத்திலும் யாரிடமாவது சொல்லிச் சிரிப்பான்.

எடுத்துப் போக வேண்டியவை:
விசிட்டிங் கார்டு 50
மாதிரிப் பெட்டி: அரைக் கிலோ, ஒரு கிலோ, உலர்பழத் தட்டு
குடை
சிரித்த முகம் (வசந்தா சேர்க்கச் சொன்னது)

ஆகஸ்ட் 6, புதன்

ஐந்துக்கு எழுந்தேன். சுனாபட்டியிலிருந்து ஆட்டோ சயான்வரைதான். பிறகு பஸ், பிறகு நடை. காலுறை பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்.

ஹோட்டல் மாடியில் ஹால். வாசலில் பூர்வா என்ற பெண், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், இந்தக் கூட்டத்துக்குச் செயலாளர். என் கார்டைப் பார்த்து, "அங்கிள், எம்.ஏ.? ஆப் டீச்சர் ஹை க்யா?" டீச்சர் இல்லை என்றேன். "ஓ" என்றாள். அந்த ஓ-வை மறக்க மாட்டேன்.

ஒவ்வொருவராக எழுந்து நின்று அறுபது விநாடி தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். மீறினால் மணி அடிப்பார்கள். ஆளுக்கொரு பல்லவி வைத்திருக்கிறார்கள். சோலார்காரன் "சூரஜ் சாச்சா, பில் பசாவோ" என்று பாடினான். சூரிய சித்தப்பா கரண்ட் பில்லை மிச்சப்படுத்துவாராம். எல்லாரும் கை தட்டினார்கள். படித்தவர்கள். பல் டாக்டரும் தட்டினார்.

ரக்ஷா பந்தன் வருகிறதென்று ஜயந்திபாய் ஆளுக்கொரு பேடா பெட்டி வைத்திருந்தார். என் முறை வருவதற்குள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூடியின் நாக்கில் இரண்டு வெட்டு, வளைந்த மூலை. அதை வெட்டும் அச்சை, டையை, லோயர் பரேலில் நின்று செய்து வாங்கியவன் நான். கூட நின்றவன் காஜா மொய்தீன். பதினோரு வருஷம் என் கூட்டாளி, ஆறு வருஷமாக என் எதிரி. பிரிந்தபோது டை, நல்ல வாடிக்கையாளர்கள், கிளார்க் மூன்றும் அவனோடு போயின. எனக்குப் பழைய மெஷினும் ஒழுகும் கூரையும்.

மனப்பாடம் செய்திருந்ததை விட்டுவிட்டேன். பெட்டியைத் தூக்கி, அடியில் பெருவிரலை வைத்து அமுக்கினேன். நெய் ஊறிய அட்டை. விரல் உள்ளே போனது. பேடா பக்கத்தில் இருந்த கிச்சன் டிசைனரின் ஃபைலில் விழுந்தது. நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: முந்நூறு ஜி.எஸ்.எம். கனத்தில் அட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று முப்பது. இதைச் செய்தவன் திருடன். உங்கள் பெயரை அச்சடித்து உங்களையே ஏமாற்றுகிறான். என் பெட்டியை அமுக்கிப் பாருங்கள்.

நாற்பது விநாடிதான். பிறகு யாரோ ஒருவர் தட்டினார். போட்டோக்காரன் மொபைலில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஜயந்திபாய் புன்னகைத்தார்.

ஆறு வருஷத்தில் இவ்வளவு நன்றாக எனக்குப் பசித்ததில்லை. ஆறு இட்லி.

கிளம்பும்போது பூர்வா ஒரு படிவம் தந்தாள். என்னைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாடிக்கையாளர். இன்னொருவர் என்னோடு ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் சேர்ந்து வேலை செய்தவர். உறவினர் கூடாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வாடிக்கையாளர்: திலக் நகரில் தலைமுடி எண்ணெய் விற்கும் அம்மாள். நல்லபடியாகச் சொல்வார். எல்லாரையும் நல்லபடியாகச் சொல்கிறவர், எனவே மதிப்பில்லை. இருந்தாலும் எழுதியாயிற்று.

ஐந்து வருஷம் வேலை செய்தவர்:
பழைய ஷிப்பிங் ஆபீஸ் மேனேஜர். வழியனுப்பு விழாவில் "புத்திசாலி, ஆனால்" என்று ஆரம்பித்தவர். அந்த ஆனாலுக்குப் பின் பத்து நிமிஷம் பேசினார். வேண்டாம்.
அங்கே பக்கத்து மேஜைக்காரன். என் ப்ரமோஷனைத் தின்றவன். வேண்டாம்.
மெஷின்மேன் பாண்டுரங். நான் திட்டியதால் வேலையை விட்டான். நான்கரை வருஷம். ஐந்துக்கு ஆறு மாதம் குறைகிறது.

வசந்தா கீரை ஆய்ந்துகொண்டே, "காஜா பேரை எழுதுங்களேன். பதினோரு வருஷமாச்சே" என்றாள்.

"அவன் திருடன்."

"அது பதினோரு வருஷமா உங்களுக்குத் தெரியலையாக்கும்?"

"உனக்கு ஒண்ணும் புரியாது."

"எனக்குப் புரியறது. எங்கண்ணா குடோனுக்கு நீங்க போனா தினமும் சண்டை போட்டுண்டு வருவேள். அதை நான்தான் கேக்கணும். எழுதுங்கோ."

எழுதவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் எழுதினேன்.

ஆகஸ்ட் 9, சனி

தாராவி, காஜாவின் பட்டறை. முழங்கால் தண்ணீரில் போய்ச் சேர்ந்தேன். அவனுக்கு இப்போது நான்கு மெஷின். கூரை புதுத் தகரம்.

"வாரும்வே, எம்மே. ஆறு வருசமாச்சா வழி தெரிய? பெருவிரல் சொகமா இருக்கா?"

போட்டோக்காரன் அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டு, அது சுற்றிச் சுற்றி இவன்வரை வந்திருக்கிறது. நான் நின்றுகொண்டே, "இருநூத்தி முப்பது அட்டை போட்டா அப்படித்தான் கிழியும்" என்றேன்.

"யாரு கேட்டு போட்டேன்னு தெரியுமாவே? ஜயந்திபாய் கேட்டுத்தான். முன்னெல்லாம் பெட்டியோட சேத்து ஸ்வீட்டை நிறுப்பான். கனமா போடு, கனமா போடும்பான். இப்ப ஜனங்க பெட்டி எடையக் கழின்னு சண்டைக்கு வாராவ. அதனால லேசாப் போடுங்கான். இந்தா பில்லு."

பார்த்தேன். 230 என்றுதான் போட்டிருந்தது. அவன் கையெழுத்து, கீழே ஜயந்திபாய் கையெழுத்து.

"எனக்கு வச்ச வெடி அவன் மடியில போய் வெடிச்சிருக்கு" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். மெஷினில் நின்றவர்களும் சிரித்தார்கள். காரணம் தெரியாமலே.

"அப்படிக் கேட்டாலும் நீ முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"நீரு சொல்லுவீரு. அதான் உம்ம கூரை ஒழுகுது. உக்காரும்வே, டீ வருது."

உட்கார்ந்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். அது என்ன கூட்டம் என்றான். ஒரு தொழிலுக்கு ஒரே நாற்காலி. ஒருவன் இன்னொருவனுக்கு வாடிக்கையாளர் பெயரைச் சீட்டில் எழுதித் தருவது. தனக்கு முடியாத வாரம் பதிலுக்கு ஆள் அனுப்பலாம். உறுப்பினர்களில் மூன்று கேட்டரிங், இரண்டு கல்யாண மண்டபம், எல்லாருக்கும் பெட்டி தேவை. அரை மணி நேரம் விளக்கினேன். அவன் ரொம்பக் கவனமாகக் கேட்டான். நடுநடுவே நல்ல கேள்விகள். படித்தவன் விளக்கினால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிவே. போன் வந்தா உள்ளதச் சொல்லுதேன். பொய் சொல்ல மாட்டேன், அத இப்பமே சொல்லிட்டேன்."

டை சுவரில் ஆணியில் தொங்கியது. எண்ணெய் தடவி, துருவில்லாமல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எண்ணெய் அம்மாளுக்குப் பூர்வா போன் செய்துவிட்டாளாம். "உங்களப் பத்தி ரொம்ப நல்லா சொன்னேன் சார்." சொல்லியிருப்பார்.

எனக்குப் போன் வரவில்லை. மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் லிஃப்டில், "அங்கிள், நீங்கதானா அங்கூட்டா அங்கிள்?" பெருவிரல் மாமாவாம். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பெயர் வைக்கத் தெரிகிறது.

வேலை: மெஷினுக்கு கிரீஸ். ஊதிப்போன அட்டையில் பாதி தேறும். ஆர்டர் ஒன்று: அகர்பத்தி டப்பா, சில்லறை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை பதினொன்றுக்குப் பூர்வா. குரலில் சர்க்கரை.

"அங்கிள், காஜா சாப்னே ஆப்கி பஹுத் தாரீஃப் கீ!"

அவன் என்னைப் புகழ்ந்தானாம். பதினோரு வருஷத்தில் ஒரு மோசமான பெட்டியைக்கூட நான் வெளியே விட்டதில்லையாம். கூட்டாளியிடமும் சண்டை, வாடிக்கையாளரிடமும் சண்டை, ஆனால் பெட்டியில் குறை சொல்ல முடியாதாம். கமிட்டியில் எல்லாரும் ரசித்தார்களாம்.

பிறகு, "பட் அங்கிள்..."

ஜயந்திபாய் அன்று கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டார். காஜா சாப் நாற்பது நிமிஷம் பேசினார், எவ்வளவு இனிமையான மனிதர். அவரும் பெட்டித் தொழில்தான் என்று தெரிந்தது. நாற்காலி அவருக்கு என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. "ரெஃபரல் தோ ஆப்கா ஹீ ஹை, அங்கிள்! உங்க பேர்லதான் எழுதியிருக்கோம். தேங்க்யூ கார்டு அனுப்பறேன்."

நான் அந்தக் கூட்டத்துக்குப் பிடித்துக் கொடுத்த முதல் ஆள் காஜா மொய்தீன்.

உடனே அவனைக் கூப்பிட்டேன். இங்கே எழுத முடியாத சொற்கள் நாலைந்து சொன்னேன்.

"முடிஞ்சுதா? இப்ப கேளும். உம்மப் பத்தி நல்லதாத்தான் சொன்னேன். பொறவு அந்தப் புள்ள, நீங்க என்ன தொழில் பண்ணுதீங்கன்னு கேட்டுது. சொன்னேன். நாற்காலி ஒண்ணுதான், உங்களுக்கு வேணுமான்னு கேட்டுது. அரை மணி நேரமா அதோட அருமைய எனக்குச் சொன்னவரு யாருவே? வேண்டாம்னு சொல்ல நான் என்ன கிறுக்கனா?"

"என் பிழைப்புடா அது."

"தெரியும். அதான் சொல்ல வாரேன். எனக்கு இங்கிலீசு வராது. நாலு பேரு முன்னால நின்னு பாட்டுப் பாடுதது நமக்கு ஆகாது. பதில் ஆளு அனுப்பலாம்னு நீருதான சொன்னீரு? நீரு போவும். வாற ஆர்டர்ல பாதிய உம்ம மெசின்ல அடிச்சிக்கிடும். என் அட்டை, என் டை. ஜயந்திபாய்கிட்டயும் பேசிட்டேன். வரட்டும்னான். பெட்டியத் தொடாம பேசச் சொன்னான்."

முடியாது என்று வைத்துவிட்டேன். 'என் டை'யாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை சற்று விட்டது. ரமணி வந்தான். வாழைக்காய் வறுவல் இரண்டு பாக்கெட், ஏற்கெனவே பிரித்துத் தின்றபடி.

"மாப்பிள்ளைக்குக் கையெழுத்து நன்னா இருக்கும். ரெஜிஸ்டர் எழுதட்டும். காத்தால ஒம்பது, ராத்திரி ஒம்பது. டிஃபன் கட்டிக் கொடுத்துடு வசந்தா. லோகல் ரயில்ல உக்கார இடம் கிடைச்சா அதிர்ஷ்டம்." பிறகு என்னைப் பார்த்து, "அந்த மெஷினைப் பழைய இரும்புக்காரன்கிட்ட பேசட்டுமா? நம்ம ஆளு இருக்கான். எடை போட்டு எடுத்துப்பான்."

அவன் போனதும் அவன் குடித்த டம்ளரை வசந்தா மூன்று முறை தேய்த்தாள். "பழைய இரும்பாம்" என்றாள், குழாயைப் பார்த்து.

யோசித்துப் பார்க்க:
ரமணி: முட்டாள். சொந்தக்காரன். மெஷின் போய்விடும்.
காஜா: திருடன் (பில் சரியாகத்தான் இருந்தது). மெஷின் ஓடும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மறுபடியும் பேய் மழை. ரயில் இல்லை, பட்டறை இல்லை. மத்தியானம் காஜாவுக்குப் போன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஒரே ஒரு மாதம்" என்றேன்.

"ஏழுன்னா ஆறே முக்காலுக்கு நில்லும்வே. கார்டு அடிச்சு வச்சிட்டேன்."

"எப்ப அடிச்சே?"

"நீரு வேண்டாம்னு போனை வச்சீரே, அன்னைக்கு."

ஆகஸ்ட் 20, புதன்

தூறல். சயானிலிருந்து நடந்தே போனேன். ஆறு நாற்பத்திரண்டு.

பூர்வா சட்டையில் பேட்ஜ் குத்தினாள். மேலே பெரிய எழுத்தில் காஜா மொய்தீன். கீழே சின்ன எழுத்தில், இவருக்குப் பதிலாக. என் பெயர் எங்கும் இல்லை. ஜயந்திபாய் எழுந்து வந்து கை கொடுத்தார், மேஜையில் இருந்த ஸ்வீட் பெட்டிகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு.

என் முறை. காஜா எழுதித் தரவில்லை, நானும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர் என்றேன். சொன்ன அட்டையைத்தான் போடுவார். சொன்ன நாளில் தருவார். பில்லில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்பது கிடையாது. மழையில் பத்து நாள் கிடந்தாலும் அவர் குடோனில் ஓர் ஓரம்கூட ஊதாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டார்.

ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை. மணி அடிக்கும் வரை பேசினேன், அடித்த பிறகும் ஒரு வாக்கியம் பேசினேன்.

தட்டினார்கள். கிச்சன் டிசைனர்கூட. இட்லி ஆறிப் போயிருந்தது.

கடைசியில் சீட்டுகள் வந்தன. உலர்பழ வியாபாரி ஒன்று, பல் டாக்டர் ஒன்று. இரண்டிலும் யாருக்கு என்ற இடத்தில் காஜாவின் பெயர்.