கட்டாருக்குப் போன பாடங்கள்

கட்டார்
05.01.2025

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. நீயும் மகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

ஜூன் முப்பதாம் திகதி என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. ஏழு வருஷமாக நெட்வேர்க் கேபிள் இழுக்கிறேன், ஆறு வயது பஸ்லினாவுக்கு நான் இன்னும் போனுக்குள் இருக்கிற ஆள்தான். ஆனால் ஊரில் வேலை கேட்டால் சேர்ட்டிபிகேட் எங்கே என்கிறார்கள். அது கிடைத்தால் வருவேன். கிடைக்காவிட்டால் கையெழுத்துத்தான்.

ஏ பிளஸ், நெட்வேர்க் பிளஸ், சிசிஎன்ஏ என்று ஏதேதோ இருக்கிறதாம். கண்டிக்குப் போய் எது எனக்குச் சரி என்று விசாரித்துப் பார். பாடத்தையும் நீயே படித்துத் தமிழில் எழுதி அனுப்பு. உயர்தரத்தில் கணிதம் படித்தவள்தானே! எரிவாயு ஆலையில் தீப்பொறிக்குப் பயந்து வாசலிலேயே போனை வாங்கிவிடுகிறார்கள். தங்கும் கேம்புக்கு வந்து போனைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறது. கடிதமென்றால் சட்டைப்பையில் வைத்துத் தேத்தண்ணி நேரத்தில் படிப்பேன்.

உன்
நிஸாம்


கடுகண்ணாவை
28.01.2025

பஸ்லினாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். சுகமாக இருக்கிறோம். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்துக் காட்டவே மாட்டேன் என்கிறாள்.

கண்டியில் மூன்று வகுப்புகளில் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் டை கட்டிய ஒருவர், "மூணையும் வரிசையா எடுங்க மிஸ், அதுதான் நல்லம்" என்றார். அவருக்கு நல்லம்தான். ஏ பிளஸ் கணினியைக் கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு. நெட்வேர்க் பிளஸ் எந்தக் கம்பனியின் கருவிக்கும் பொதுவான அடிப்படை. சிசிஎன்ஏ ஒரு கம்பனியின் கருவிகளை வைத்து நடப்பது, கஷ்டம் கூட. ஆனால் மற்ற இரண்டும் இல்லாமல் நேரே எழுதலாம். பல்லேகலைப் பக்கத்து வேலை விளம்பரங்களைப் பார்த்தேன், அநேகமாக அதைத்தான் கேட்கிறார்கள். ஏழு வருஷம் கேபிளோடு கிடந்தவருக்கு ஏன் சுற்றுப் பாதை? சிசிஎன்ஏ என்று முடிவு செய்துவிட்டேன். கோபமென்றால் வந்து கோபியுங்கள்.

முதல் பாடம் இதோடு இருக்கிறது. அதைப் படித்த அன்று சோறு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மகள் உங்களுக்கு அனுப்பும் படம் துண்டு துண்டாக உடைந்து போகிறதாம். ஒவ்வொரு துண்டிலும் உங்கள் விலாசம். ஒவ்வொன்றும் வேறு பாதையிலும் போகலாம். வழியில் நிற்கும் ரவுட்டர் எதற்கும் முழுப் பாதை தெரியாது, அடுத்து யாரிடம் கொடுப்பது என்பது மட்டும் தெரியும். அப்படியே கைமாறிக் கைமாறி, கடலுக்கடியில் மயிரிழைக் கண்ணாடிக்குள் வெளிச்சமாக ஓடி, உங்கள் கையில் மறுபடி மகளின் முகமாகிறது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். தினமும் இதைச் செய்துகொண்டு, தெரியாமலே இருந்திருக்கிறோமே!

உங்கள்
ஸக்கியா


கட்டார்
02.03.2025, நோன்பு 2

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

இதுவரை வந்த பாடங்கள் நாலும் மடித்து மடித்தே கிழியப்போகின்றன. நேற்று அந்தக் கண்ணாடிக் கேபிள் சுருளைத் தோளில் தூக்கியவன் கீழே வைத்துவிட்டு நின்றேன். இதற்குள் வெளிச்சமா ஓடுகிறது? ஏழு வருஷம் இதைக் கயிறு மாதிரி இழுத்தேனே! பக்கத்தில் நின்றவன், "என்ன, நோன்பு புடிச்சி தல சுத்துதா?" என்று கேட்டான்.

ஆனால் ஸக்கியா, விலாசங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் அந்தக் கணக்கு மண்டையில் ஏறவே இல்லை. அது தெரியாமல் சோதனையில் தேற முடியாதாம். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு மாதிரி எழுதிப் பார்.

உன்
நிஸாம்


கடுகண்ணாவை
14.03.2025, நோன்பு 13

பஸ்லினாவின் வாப்பாவுக்கு,

பயத்தை விடுங்கள். நம் கல்யாண வலீமா விருந்தை நினையுங்கள். ஒரு சஹனைச் சுற்றி, அந்த ஒரே பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிட எத்தனை பேர்? ஆறு பேர். நாலு பேர் வந்தாலும் ஒரு சஹன்தான், ஏழாவது ஆள் வந்தால் இன்னொரு சஹன். இப்போது எட்டு விலாச இலக்கம் உள்ள ஒரு கூட்டத்தை எடுங்கள். முதல் இலக்கம் யாருக்கும் இல்லை, அது அந்த சஹனின் பெயர். கடைசி இலக்கமும் யாருக்கும் இல்லை, அது "எல்லாரும் கேளுங்க" என்று ஒரேயடியாகக் கூப்பிடும் குரல். நடுவில் மிச்சம் ஆறு. ஆறு பேர், ஒரு சஹன்!

இது பிடிபட்டபோது நான் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. பதினாறு, முப்பத்திரண்டு என்று பெரிய சஹன்களும் இருக்கின்றன, எல்லாவற்றிலும் இதே ஒழுங்கு. உலகமே இப்படிப் பந்தி பிரித்து உட்கார்ந்திருக்கிறது, ஒருவருக்கொருவர் இடிக்காமல்.

நூறு கேள்வி உள்ள மாதிரி வினாத்தாளும் வைத்திருக்கிறேன். விடை தரவில்லை, பார்த்து எழுதுவீர்கள். முடித்துவிட்டு விடைகளைப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள், திருத்துகிறேன்.

உங்கள்
ஸக்கியா


கட்டார்
18.04.2025

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

இதைப் போனில் சொன்னால் நீ பேச விடமாட்டாய்.

எங்கள் இஞ்சினியர் கேரளக்காரர். அவரிடம் உன் சஹன் கணக்கைச் சொன்னேன். மனிதர் வாயைப் பிளந்தார். எந்தப் புத்தகம் என்றார். மனைவியின் கடிதம் என்றேன். மனைவி எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். "சும்மா வீட்லதான்" என்றேன்.

சொன்ன பிறகு என் வாயே எனக்குக் கசந்தது.

மாதிரித் தாளைத் திருத்தி நீ அனுப்பிய படத்தில் எனக்கு நாற்பத்தொன்று போட்டிருந்தாய். ஓரமாக இன்னோர் எண் கிடந்தது, தொண்ணூற்றிரண்டு. யாருடையது என்று போனில் கேட்டதற்கு, "உங்கட தாளத் திருத்த நானும் ஒருக்கா செஞ்சி பார்த்தேன்" என்றாய். நூறு கேள்வி, ஜனவரிக்கு முன் நீ பார்த்தே இராத விஷயம், தொண்ணூற்றிரண்டு. கேம்பில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி யார் என்று எனக்கே தெரியவில்லை என்று தோன்றியது. மூன்று மாதமாக யாருக்காகச் சேர்ட்டிபிகேட் தேடினோம்? நீ எழுதலாமே என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. நாம் எப்படிப்பட்ட ஆட்கள்!

உன் அடையாள அட்டைப் படம் என்னிடம் இருக்கிறது. மே இருபத்துநாலாம் திகதி, கொழும்பில், சிசிஎன்ஏ சோதனை உன் பெயரில் பதிந்துவிட்டேன். கோபமென்றால் எழுதிவிட்டுக் கோபி.

உன்
நிஸாம்


கடுகண்ணாவை
12.06.2025

பஸ்லினாவின் வாப்பாவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி கழிந்தது. உங்கள் கடிதம் கிடைத்து ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை, போனிலும் மகளிடமே கொடுத்துவிட்டேன். கோபம்தான். கேட்காமல் பதிந்ததற்குக் கோபம். அதைவிட, எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்ததே, அதற்குப் பயம். "போய் வந்தியா?" என்று கேட்டீர்கள், "பிறகு சொல்றேன்" என்றேன். இப்போது சொல்கிறேன்.

பாஸ்.

சோதனை முடிந்ததும் திரையில் அதைப் பார்த்தபோது யாருடையதோ என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். அங்கிருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

பிறகு பல்லேகலையில் ஒரு தொழிற்சாலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஒரு விலாசக் கூட்டத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். நேற்று கடிதம் வந்தது. நெட்வேர்க் உதவியாளர், ஜூலை முதலாம் திகதி தொடக்கம். காலை ஏழு மணிக்குப் பஸ், திரும்பி வர ஆறாகும்.

பஸ்லினாவுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. கேற்றடியில் நின்று கூட்டி வர ஆளில்லை. அக்கம்பக்கத்தில் கேட்கலாம், கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாருங்கள்.

உங்கள்
ஸக்கியா